வாயிலில் விழுந்த சொல்

 

ஒரு நாட்டின் அமைச்சர் தம் நாட்டுக் காவலரை எவ்வாறு விளிக்கின்றார் என்பதைக் கொண்டே, அந்நாட்டில் குடியாட்சி எத்துணை ஆழத்தில் வேர்விட்டுள்ளது என்பதைக் கண்டுகொள்ளலாம். மேடையில் நிற்கும்பொழுது எல்லாத் தலைவர்க்கும் மக்கள் தெய்வங்களே. மேடையினின்று இறங்கியபின், கேட்பார் எவருமில்லை என்று எண்ணிய இடத்தில், தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று கருதும் ஒருவர் 'இவ்வழியே செல்லற்க' என்று தடுத்த அந்நொடியில், வாயினின்று தெறித்து விழும் சொல் எதுவோ அதுவே உள்ளத்தின் சொல். மற்றவை யெல்லாம் உதட்டின் சொற்கள்.

இதற்கு இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பூசல் தக்க சான்றாக நிற்கின்றது. ஓரிரு மணித்துளிகளில் முடிந்துபோன அப்பூசல் ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்தது. காவலர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. இரண்டாண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டையே பேசவைத்தது. அதன் வரலாறு ஆளுவோர்க்கும் படிப்பினை, ஆளப்படுவோர்க்கும் படிப்பினை.

இலண்டன் மாநகரில், பிரித்தானியத் தலைமையமைச்சர் உறையும் தவுனிங் தெருவின் முகப்பில் பெரிய இரும்புக் கதவுகள் உள்ளன. ஒரு காலத்தில் எளிய குடிமகனும் நடந்து சென்று தலைமையமைச்சர் வீட்டு வாயிலைக் கண்டு வரக்கூடிய தெரு அது. அயர்லாந்துக் குடியரசுப் படையினரின் குண்டுகளுக்கு அஞ்சி, தாட்சர் அம்மையாரின் ஆட்சியில், 1989-ஆம் ஆண்டு அக்கதவுகள் நிறுத்தப்பெற்றன. உந்துகள் வருங்கால் பெருங்கதவு திறக்கும். நடந்து வருவோர் பக்கத்துச் சிறுவாயிலைப் பயன்படுத்துதல் வேண்டும். மிதிவண்டியில் வந்தவரும் இறங்கி அதனை உருட்டிக்கொண்டு அச்சிறுவாயில் வழியே செல்லுமாறு கேட்கப்பெறுவர். இது காவல் ஒழுங்கு.

2012 செப்தம்பர் 19-ஆம் நாள் மாலை, ஆண்ட்ரூ மிட்செல் என்பார் தம் மிதிவண்டியில் அவ்வாயிலை அடைந்தார். அவர் ஆளுங்கட்சியாகிய பழமைபேணுங் கட்சியின் அரசுக் கொறடா. அப்பொறுப்புக்கு வந்து இரண்டு கிழமைகளே ஆகியிருந்தன. பெருங்கதவைத் திறக்குமாறு அவர் கேட்டார். காவலர் மறுத்துச் சிறுவாயிலைக் காட்டினார். அமைச்சர்க்குச் சினம் மூண்டது. சிறுவாயில் வழியேதான் சென்றார். ஆயின், செல்லும்போது சில சொற்களை விட்டுச் சென்றார். அச்சொற்களுள் ஓர் இழிசொல் இருந்ததை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். காவலர் தம் குறிப்பேட்டில் மற்றொரு சொல்லையும் எழுதிவைத்தார். அதுதான் 'பிளெபு' என்பது. அச்சொல்லைத் தாம் சொல்லவே இல்லை என்று மிட்செல் இறுதிவரை மறுத்தார்.

அச்சொல்லின் பொருள் என்ன? அஃது உரோமப் பேரூரில் பிறந்த இலத்தீன் சொல். பழைய உரோமில் குடிகள் இருவகையினர். நிலமும் குலப்பெருமையும் ஆட்சியும் உடையோர் ஒரு வகையினர். உழுது, உழைத்து, போர்க்களத்தில் குருதி சிந்தி, ஆட்சியில் மட்டும் பங்கின்றி நின்றோர் மற்றொரு வகையினர். இப்பின்னவர்க்கே அப்பெயர் வழங்கிற்று. ஆங்கில நாட்டில், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பணம் கட்டிப் பயிலும் பள்ளிகளில் இலத்தீன் கற்பித்தனர். அதனுடன் இச்சொல்லும் அவர்தம் நாவிலேறி, 'கீழோன், படிப்பில்லாதவன், நம் இனத்தைச் சேராதவன்' என்னும் இகழ்ச்சிப் பொருளில் வழங்கலாயிற்று. மிட்செல் பயின்றதும் அத்தகைய பள்ளிகளுள் ஒன்றாகிய இரக்பியே.

ஆயினும், அச்சொல்லுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. கி.மு. 494-இல் உரோம எளிய மக்கள் ஒருங்கே ஊரைவிட்டு வெளியேறி ஒரு குன்றில் சென்று அமர்ந்தனர் என்றும், உழைக்கும் கைகளின்றி ஊர் நடவாது என்பதைக் கண்ட மேற்குலத்தார் இறங்கி வந்து, எளியோர்க்கென்றே காப்பாளர்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அளித்தனர் என்றும் அந்நாட்டு மரபு கூறுகின்றது. கி.மு. 287-இல் அம்மக்களின் மன்றம் இயற்றிய முடிவு நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. இன்று பொதுமக்களின் நேர்வாக்கெடுப்பைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல்லும் அவ்வேரினின்று பிறந்ததே. இகழ்ச்சிக்கு எடுத்த சொல்லின் வயிற்றிலேயே மக்களாட்சி உறங்கிக் கிடக்கின்றது!

இங்கொரு நுட்பம் காண்க. இழிசொல் சொன்னதை அமைச்சர் ஒப்புக்கொண்டார். மக்கள் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. மறுக்கப்பெற்ற அவ்வொரு சொல்லே தீயை மூட்டிற்று. கரணியம் என்ன? இழிசொல் சினத்தினின்று பிறப்பது, சினம் எவர்க்கும் வரும், தணிந்ததும் போகும். குலத்தாழ்வு சுட்டும் சொல்லோ நம்பிக்கையினின்று பிறப்பது. 'நான் மேல், நீ கீழ்' என்று நெடுநாள் உள்ளத்தில் ஊறிக் கிடந்தாலன்றி அது வாய்க்கு வாராது. சினந்தவனை மன்னித்துவிடலாம். தன்னைக் கீழென்று உறுதியாக எண்ணியிருப்பவனை எவ்வாறு மன்னிப்பது?

சட்டத்தின் முன் அனைவரும் ஒன்று என்பதும் அங்கே ஆய்வுக்கு வந்தது. 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ், பொதுவிடத்தில் இழித்துப் பேசுவோரைத் தளையிடக் காவலர்க்கு இடமுண்டு. அன்று இலண்டன் நகரத் தலைவராயிருந்த போரிசு சான்சன், 2011-ஆம் ஆண்டு அதே பழமைபேணுங் கட்சியின் மாநாட்டில், காவலரை இழிசொல்லால் ஏசுவோர் தளைப்படவேண்டும் என்று முழங்கியிருந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, காவலர் முன் இழிசொல் பேசிய இளைஞர் ஒருவரின் வழக்கில், அத்தகைய சொற்கள் காவலர் நாள்தோறும் கேட்பவையே யாதலின் சொன்னதாலேயே குற்றமாகிவிடாது என்று உயர்முறைமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தெருவில் ஓர் இளைஞன் இழிசொல் பேசினால் முறைமன்றப் படியேற வேண்டும். அமைச்சர் பேசினால் மிதிவண்டியேறி விருந்துக் கழகத்துக்குச் செல்லலாமோ என்று மக்கள் கேட்டனர். தவறான கேள்வியா அது?

காலமும் அமைச்சர்க்குப் பகையாயிற்று. அதற்கு முதல்நாள், செப்தம்பர் 18-இல், மான்செசுடர்ப் பகுதியில் கடமையாற்றச் சென்ற பெண்காவலர் இருவர் கொடியவன் ஒருவனால் கொல்லப்பட்டிருந்தனர். நாடே துயரில் ஆழ்ந்திருந்த வேளை. மேலும், 2010-இல் பதவியேற்ற கூட்டாட்சி, காவல்துறைக்கு நடுவணரசு வழங்கும் பணத்தை நான்காண்டுகளில் நூற்றுக்கு 20 பங்கு குறைக்க முடிவு செய்திருந்தது. அதனை எதிர்த்து 2012 மே 10-ஆம் நாள் காவலர் பல்லாயிரவர் இலண்டன் தெருக்களில் அணிவகுத்தனர். பறிபோகும் பணியிடங்களின் அடையாளமாகப் பதினாறாயிரம் கருந்தொப்பிகள் அவ்வணியில் சென்றன. ஊதியமும் குறைந்து, ஆளும் குறைந்து, உயிருக்கும் உறுதியில்லாத வேளையில், வாயிலில் நின்று தன்னைக் காக்கும் ஒருவரைக் கீழோன் என்று ஓர் அமைச்சர் சொன்னார் என்ற செய்தி வந்தால், அஃது ஒரு தனியாளின் சொல்லாக எவர் காதில் விழும்? ஆட்சியின் உள்ளமே வாய்திறந்ததாகத்தான் விழும்.

செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. காவலர் கூட்டமைப்பு அதனைத் தன் உரிமைப் போராட்டத்திற்குக் கருவியாக்கிக்கொண்டது. இகழ்ச்சிச் சொல்லையே பெருமையாகப் பொறித்த மேலாடைகளை அணிந்து காவலர் கண்டனம் காட்டினர். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்டு தலைமையமைச்சரைக் குடைந்தெடுத்தார். மிட்செல் வருத்தம் தெரிவித்துப் பார்த்தார், தீ அணையவில்லை. 2012 அக்தோபர் 19-ஆம் நாள், நிகழ்ச்சி நடந்து சரியாக ஒரு திங்களில், பதவி துறந்தார்.

இம்மட்டோடு கதை முடிந்திருப்பின், செருக்கு வீழ்ந்தது, எளியோர் வென்றனர் என்று கூறி அமையலாம். முடியவில்லை.

அவ்வாண்டு திசம்பரில், வாயிலைக் கண்காணிக்கும் படக்கருவியின் பதிவுகள் தொலைக்காட்சியில் வெளியாயின. அங்கே குழுமியிருந்த பொதுமக்கள் அச்சொற்களைக் கேட்டு அதிர்ந்து நின்றனர் என்று காவல் குறிப்பேடு கூறியிருந்தது. படத்திலோ அத்தகைய கூட்டம் காணப்படவில்லை. வழியே சென்ற குடிமகன் போலத் தன் தொகுதி உறுப்பினர்க்கு மின்னஞ்சல் விடுத்து, தானே நேரில் கண்டதாகச் சான்றுரைத்த ஒருவர் உண்மையில் பணியிலுள்ள காவலர் என்பதும், அன்று அவர் அவ்விடத்திலேயே இல்லை என்பதும் வெளிப்பட்டன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014 பிப்ரவரியில் பன்னிரு திங்கள் சிறைத்தண்டம் பெற்றார். அவரோடு சேர்த்துக் காவலர் நால்வர் பணிநீக்கம் செய்யப்பெற்றனர். மிட்செலைச் சந்தித்துத் திரும்பிய காவலர் கூட்டமைப்பினர் மூவர், அவர் விளக்கம் தரவில்லை என்னும் பொருள்பட வெளியில் பேசினர். அவரோ அச்சந்திப்பைப் பதிவு செய்து வைத்திருந்தார். விளக்கம் தந்திருந்தமை அப்பதிவால் வெளிப்பட்டது.

காற்று திரும்பிற்று. நேற்றுவரை அமைச்சரை வைத வாய்களே காவலரை வைதன. 'இவர்கள் ஓர் அமைச்சர்க்கே பொய்யால் வலைபின்னுவராயின், ஏதுமற்ற எளியவர்க்கு என்ன செய்யமாட்டார்?' என்று மக்கள் கேட்டனர். அக்கேள்வியும் தவறானதன்று.

இறுதியில் வழக்கு உயர்முறைமன்றம் ஏறிற்று. 2014 நவம்பர் 27-ஆம் நாள் நடுவர் மிட்டிங் தீர்ப்புரைத்தார்: வாயிலில் நின்ற காவலர் கூறியதே நிகழக்கூடியது, அச்சொல்லையோ அதற்கு மிக நெருங்கியதையோ மிட்செல் சொல்லத்தான் செய்தார் என்று. இழப்பீடாக 80,000 பவுன் அக்காவலர்க்குச் சேர்ந்தது; வழக்குச் செலவோ அதனினும் பன்மடங்கு.

அத்தீர்ப்பில் எண்ணிப் பார்க்கத்தக்க ஓரிடம் உண்டு. அக்காவலர் கூறியது மெய்யே என்பதற்கு நடுவர் கண்ட கரணியங்களுள் ஒன்று, அந்நொடியில் அப்படியொரு கதையைப் புனைந்துரைக்கும் கூர்மையோ கற்பனையோ நாட்டமோ அவருக்கு இல்லை என்பதாம். வென்ற வேளையிலும் எளியவர்க்குக் கிடைத்த சான்றிதழ் அது! 'கீழோன்' என்று ஒருவர் வைதார் என நிறுவுதற்கு, 'பொய் புனையும் அறிவும் இவர்க்கில்லை' என்று மற்றொருவர் கூறவேண்டியிருந்தது. மேலிருந்து நோக்கும் கண், தீர்ப்பு வழங்கும் பொழுதும் மேலிருந்தே நோக்குகின்றது.

இப்பொழுது எண்ணிப் பார்க்க. வாயிலில் நின்ற காவலர் தாம் கேட்டதை எழுதினார். அதனை முறைமன்றமும் ஏற்றது. ஆயின், அம்முடிவுக்கு வர ஏன் இரண்டாண்டு ஆயிற்று? அமைச்சரின் மறுப்பு மட்டுமா கரணியம்? அவர்க்குத் துணை செய்வதாக எண்ணிப் பொய்ச்சான்று கூறிய தோழர்களும் கரணியமே. ஓர் உண்மையைச் சுற்றிப் பத்துப் பொய்களை நட்டுவிட்டால், வேலி உண்மையைக் காப்பதில்லை, மறைத்தே விடுகின்றது. பதரோடு கலந்த நெல்லைப் பதரென்றே கொட்டிவிடுவர் மாந்தர். மிட்செலின் செருக்கு ஒருவரை இழித்தது. அத்தோழர்களின் பொய்யோ, சீருடை அணிந்த அத்தனை பேரின் சொல்லையும் ஐயத்திற்கு இடமாக்கிற்று.

மிட்செல் என்னவானார்? தம் தொகுதியில் மீண்டும் வென்றார். 2022-இல் அமைச்சராகவும் திரும்பினார். உயர்ந்தோர் விழுந்தால் எழுதற்கு ஏணி உண்டு. எளியோர் வாய்மையை இழந்தால் எழுதற்கு ஏணி ஏது? அவர்க்குப் பணமில்லை, பதவியில்லை, கழகங்களில்லை. 'இவர் சொன்னால் மெய்யாயிருக்கும்' என்னும் ஒரே செல்வம்தான் உண்டு. அதனையும் பொய்யிடம் அடகு வைப்பாராயின், பின்னர் எதனைக் கொண்டு செருக்கை எதிர்ப்பார்?

ஆகலின், அன்பர்களே! பதவியில் இருப்போர் ஒன்றை உணர்க: வாயிலில் நிற்பவர் ஏவலர் அல்லர், அவரும் அந்நாட்டின் உரிமையாளரே. அவரை இழித்துரைக்கும் சொல் நாட்டையே இழித்துரைப்பதாகும். இழிக்கப்பட்டோரும் ஒன்றை உணர்க: மானத்தின்பொருட்டு எழும் சினம் தூயது, அத்தூய்மைக்குப் பொய்த்துணை வேண்டா. கண்டதைக் கண்டவாறு, கேட்டதைக் கேட்டவாறு கூறி, அதன்மேல் உறுதியாக நின்றாலே போதும். பெருங்கதவு அன்று மிட்செலுக்குத் திறக்கவில்லை. வாய்மையோடு நிற்பவர்க்கு அக்கதவு என்றேனும் ஒருநாள் திறந்தே தீரும்.

வாழ்க வாய்மை! வெல்க மாந்தர் சமன்மை!