சுவரோர மேசையும் பழைய நிலைக்கதவும்



வீட்டு மண்டபத்திலோ விறாந்தையிலோ சுவரை ஒட்டி நிற்கும் ஒடுங்கிய மேசையை நீங்கள் அறிவீர்கள். திறப்புக் கோவை, வந்த கடிதங்கள், மின்சாரம் நின்றால் ஏற்றுவதற்கான விளக்கு ஆகியன அதன்மேல் இருக்கும். 'கொன்சோல்' என்று அதனை அழைப்பர். பிரெஞ்சு மொழியிலே அச்சொல் சுவரிற் பதித்த தாங்கியைக் குறிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சிய மாளிகைகளில் இருந்த இத்தகைய மேசைகள் பலவற்றுக்கு முன்புறத்தில் மாத்திரமே கால்கள் இருந்தன. பின்புறத்தைச் சுவர் தாங்கிற்று. நாம் செய்யப் போவது நான்கு கால்களும் உடைய எளிய மேசை. எனினும், சுவரோடு இதற்குள்ள உறவை இறுதியில் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

தச்சுத் தொழில் பயிலாத ஒருவர் இதனை வீட்டிலே செய்ய முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. கதிரையைப் போல இது மனிதரின் பாரத்தைச் சுமப்பதில்லை. அலுமாரியைப் போலக் கதவும் இழுப்பறையும் வேண்டுவதில்லை. நான்கு கால், நான்கு சட்டம், ஒரு மேற்பலகை ஆகிய ஒன்பது உறுப்புகளே போதும். ஆனால் மரத்தைத் தெரிவதிலே தவறினால், கை எவ்வளவு திருத்தமாக வேலை செய்தாலும் பயனில்லை. ஆகவே மரத்தைப் பற்றியே முதலிற் பேசுகிறேன்.

வெட்டிய மரம் நீர் நிறைந்தது. அது காயும்போது முதலிற் கலங்களின் உட்குழியிலுள்ள நீர் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 30 அளவுக்குக் குறைந்த பின்னரே, கலங்களின் சுவரிலுள்ள நீர் நீங்கச் சுருக்கம் தொடங்கும். நீளவாக்கிற் சுருக்கம் மிகச் சொற்பம். அகலவாக்கில் அது பெரிது. அதிலும் ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை கோணுவதும் வெடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வினாலேதான். நிழலிலே காய வைப்பதாயின் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சரின் கணக்கு. ஆலையிலிருந்து நேற்று வந்த பலகையில் இன்று மேசை செய்பவர், அடுத்த சோழகக் காற்றிலே அது வாய் பிளப்பதைக் காண்பார்.

அப்படியாயின் நன்கு காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? பெரும்பாலும் அது உங்கள் வளவிலேயே கிடக்கிறது. வடபகுதியில் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் ஊர் திரும்பியோர் பலர், இடிந்த வீட்டிலிருந்து மீட்ட நிலை, கதவு, வளை ஆகியவற்றைப் புதிய வீட்டின் பின்தாழ்வாரத்திலே அடுக்கி வைத்தனர். சிமெந்தும் ஓடும் கொண்டு வீடு எழும்பியது. பழைய மரம் மட்டும் அங்கேயே கிடந்து, சிறிது சிறிதாக அடுப்புக்குப் போகிறது. அது முதிரையாகவோ வேம்பாகவோ பலாவாகவோ இருக்கலாம். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். அதனை எரிப்பதைப் போல ஊதாரித்தனம் வேறில்லை. வளவில் நிற்கும் பலாவைப் புதிதாகத் தறிப்பதாயின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி பெறல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

மரங்களுள் முதன்முறை செய்பவருக்குப் பலா உகந்தது. உளிக்கு இணங்கும், மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகும். வேம்பின் இழை ஒன்றோடொன்று பின்னிச் செல்வதால் சீவுளி ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் கிளப்பும். அலகைத் தீட்டி மெல்லிதாக இழைத்தல் வேண்டும். முதிரை அழகிற் சிறந்தது, ஆயின் கல்லைப் போன்றது. பொறுமை உள்ளவர் எடுக்கலாம். பனையை இவ்வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலாகைக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் வைரம் வெளிப்புறத்திலே நார்நாராக அமைந்தது, உள்ளே சோறு. உளி வைத்துத் துளையிட்டால் சிம்பு சிம்பாகப் பிரியும்.

பழைய மரத்தில் வாளை வைக்குமுன் மூன்று சோதனைகள் செய்க. பலமான காந்தம் ஒன்றை மேலெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஆணி மட்டுமன்று, எறிகணைச் சில்லும் வடபகுதி மரங்களிற் புதைந்திருத்தல் கூடும்; வாளின் பல்லுக்கும் கண்ணுக்கும் அது ஆபத்து. அடுத்து, ஊசித் துளைகளிலிருந்து மா போன்ற தூள் உதிர்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மூன்றாவது பழைய வர்ணம். அக்காலத்துப் பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் சாதாரணம். அரத்தாளால் உலர உரைத்தால் அத்தூள் காற்றிலே கலக்கும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைத் துணியிலே சேர்த்து அகற்றுங்கள். சூடு காட்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கொஞ்சமாவது ஐயமிருந்தால், வர்ணம் பூசிய துண்டைத் தள்ளிவிட்டு வேறு துண்டை எடுப்பதே மேல்.

இனி அளவுகள். நீளம் 42 அங்குலம், அகலம் 12 அங்குலம், உயரம் 30 அங்குலம். நான்குக்கு மூன்று அங்குலத்தில் ஆறரை அடி நிலைக்கால் ஒன்று கிடைத்தால், அடியிலே கறையான் தின்ற ஓரடியைக் கழித்தாலும் 30 அங்குலத் துண்டு இரண்டு தேறும். ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்தால் நான்கு கால்கள். அவற்றை ஒன்றேமுக்கால் அங்குலச் சதுரமாக இழைத்துக் கொள்ளுங்கள். சட்டத்துக்கு நான்கு அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் போதும். கதவுப் பலகைகளில் இரண்டைச் சேர்த்து ஒட்டினால் மேற்பலகை.

காலையும் சட்டத்தையும் ஆணியாலோ திருகாணியாலோ பூட்டுபவர் உண்டு. அத்தகைய மேசை சில ஆண்டுகளிலே ஆடத் தொடங்கும். கழுந்தும் துளையுமே நிலையான மூட்டு. கழுந்தின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு, அதாவது கால் அங்குலம். நீளம் ஓர் அங்குலம். துளையை முதலிலே தோண்டி, கழுந்தை அதற்கேற்பச் சீவுவது உத்தமம். துளையைத் திருத்துவதைக் காட்டிலும் கழுந்தைத் திருத்துவது எளிது. துளையிடும்போது காலின் தலைப்பு பிளக்காதிருக்க அரை அங்குலம் மிகையாக விட்டு, மூட்டு முடிந்தபின் அறுத்துவிடலாம். ஒரே காலில் இரு கழுந்துகள் சந்திக்குமாதலால் நுனிகளைச் சரிவாகச் சீவுதல் வேண்டும். கையால் அழுத்தும்போது இறுக்கமாக இறங்கி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் பொருந்தினால் மூட்டு சரி. அடித்து இறக்க வேண்டியதாயின் கால் பிளந்துவிடும். முன்னோர் வச்சிரம் காய்ச்சி ஒட்டினர். இன்று கடையில் விற்கும் வெள்ளைப் பசையே போதும்.

மேற்பலகையைப் பொருத்துமிடத்திலேதான் பலரும் இடறுகிறார்கள். காய்ந்த மரமும் உறங்குவதில்லை. வாடைக் காலத்து ஈரத்தில் அது விரியும், கோடையிற் சுருங்கும். 12 அங்குல அகலத்தில் இவ்வேறுபாடு அரைக்கால் அங்குலம் வரை வரலாம். பலகையைச் சட்டத்தோடு பசை வைத்து ஒட்டினால் அந்த அசைவுக்கு இடமில்லாது போய்ப் பலகை நடுவே வெடிக்கும். ஆகவே சட்டத்தின் உட்புறத்தில் நீண்ட பள்ளம் வெட்டி, அதிலே நாக்கு நுழையும்படி சிறு மரக்கட்டைகள் ஆறு செய்து, அக்கட்டைகளை மட்டும் பலகையின் அடியில் திருகாணியால் இறுக்க வேண்டும். பலகை கீழே பிடிபட்டிருக்கும். ஆனால் பக்கவாட்டிலே தன் இச்சைப்படி நகரும்.

மெருகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்து, காய்ந்தபின் மறுமுறையும் தேய்க்கலாம். கால்களின் அடிப்பாகத்துக்கும் மறவாது தடவுங்கள். மாரியில் சிமெந்துத் தரை கசியும் ஈரம் அவ்வழியேதான் ஏறும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆகாது. அவ்வெண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் பிறக்கும். சுருண்ட துணியில் அவ்வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காய வைத்த பின்னரே கழித்துவிடுங்கள்.

மேசையை நிறுத்தியாயிற்று. 12 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உடைய பொருள், தவழும் குழந்தை பற்றி எழும்பினால் முன்னே சாயக்கூடியது. பின்சட்டத்தின் உட்புறத்தில் சிறு இரும்புக் கோணம் ஒன்றைப் பூட்டிச் சுவரோடு இணைத்துவிடுங்கள்; அதன் துளையை மேல்கீழாகச் சற்று நீளமாக அராவினால், நிலம் சமமில்லாத வீட்டிலும் மேசை நான்கு காலையும் ஊன்றி நிற்கும்.