மூளை அதிர்ச்சியும் நம் ஆடுகளமும்

(நைனார்பாளையத்தில் கபடி வீரர்களிடையே ஆற்றிய உரை)



பொங்கல் வந்துவிட்டால் நம் வட்டாரத்தில் கபடிக் களம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. பந்தல், ஒலிபெருக்கி, பரிசுக் கோப்பை ஆகியவற்றில் நாம் செலுத்தும் கவனத்தில் காற்பங்காவது ஆட்டக்காரரின் தலைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

பாடி வருபவரை மடக்கும்போது பிடிப்பவர் இருவரின் தலைகள் மோதிக்கொள்வதுண்டு. எவருடைய முழங்காலோ நெற்றிப்பொட்டில் படுவதுமுண்டு. விழுந்தவர் எழுகிறார். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம், சோடா கொடுக்கிறோம். "ஒன்றுமில்லை" என்கிறார். உடனே களத்தில் இறக்கிவிட்டுக் கைதட்டுகிறோம். அடிபட்டவருடைய சொல்லையே அத்தாட்சியாகக் கொள்வது முறையன்று. ஏனெனில், அந்தச் சொல்லைச் சொல்லும் மூளைதான் அடிபட்டிருக்கிறது.

மண்டையோட்டுக்குள் மூளை நீர் சூழ அமைந்திருக்கிறது. வண்டி சட்டென்று நின்றால் குடத்து நீர் தளும்புகிறதல்லவா? பலத்த மோதலில் மூளையும் அவ்வாறே குலுங்குகிறது. நரம்பணுக்களின் வேலை சில காலம் தடுமாறுகிறது. இதுவே மூளை அதிர்ச்சி. இதற்கு மண்டை உடைய வேண்டுவதில்லை. இரத்தம் வழிய வேண்டுவதில்லை. பெரும்பாலோர் மூர்ச்சை அடைவதே இல்லை. ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. உடலில் பட்ட இடியே தலையைக் குலுக்கிவிடுவதும் உண்டு.

அப்படியாயின் எவ்வாறு அறிவது? தலைவலி, மயக்கம், குமட்டல், பார்வை மங்கல், வெளிச்சம் பொறாமை, கால் தள்ளாடுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஐயம் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் டேவிட் மேடாக்ஸ் என்ற உளவியலறிஞர் 1995-ல் ஓர் எளிய வழியை ஆராய்ந்து காட்டினார். பெயரையும் பிறந்த நாளையும் கேட்டால் அதிர்ச்சியுற்றவர்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே அண்மையில் நடந்ததைக் கேட்க வேண்டும். நம் களத்திற்கேற்பச் சொன்னால்: இது எந்த ஊர்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசிப் புள்ளி எவருக்கு? சென்ற ஆட்டம் எந்த அணியுடன்? அதில் வென்றோமா? ஒன்றிற்குத் தடுமாறினாலும் அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. அனைத்திற்கும் சரியாக விடை சொன்னாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் முடிவு அதுவே.

1998 பிப்ரவரியில் டாக்காவில் நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா, தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகே நின்றபோது பந்து நெற்றியில் பட்டது. தாமே நடந்து வெளியேறினார். சற்று நேரத்தில் நினைவிழந்தார். மூன்றாம் நாள் உயிர் நீத்தார். இது மூளை அதிர்ச்சியினும் கொடிய காயம். ஆனால் முதல் சில நிமிடங்களில் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆதலால் அடிபட்டவரைத் தனியே விடலாகாது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கழுத்து வலி, கைகால் சோர்வு, மிகுந்து வரும் தலைவலி, எழுப்பினாலும் விழியாமை ஆகியவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழையுங்கள். கழுத்து வலி என்றால் அவரை அசைக்காதீர்கள். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்வராயன் மலைமேல் ஆட்டம் நடக்குமாயின், கீழே இறங்கிவரும் நேரத்தையும் கணக்கிட்டு முன்னதாகவே அழைப்பது நலம்.

"நல்ல ஆட்டக்காரரை உட்கார வைத்தால் தோற்றுவிடுவோமே" என்பீர்கள். 2020 டிசம்பர் 4-ல் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவருக்கு மாற்றாக இறங்கிய சாஹல் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார், இந்தியா வென்றது. சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் முதன்முதலாக இந்திய இருபது ஓவர் அணியில் ஆடியதும் அதே ஆட்டத்தில்தான். கிரிக்கெட்டில் இத்தகைய மாற்று ஆட்டக்காரருக்கு 2019-ல்தான் சர்வதேச அளவில் அனுமதி வந்தது. கபடியிலோ ஏழு பேர் ஆட, ஐந்து பேர் மாற்றாக வெளியே காத்திருக்கிறார்கள்! அவர்களை வேறு எதற்காக வைத்திருக்கிறோம்?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஓரிரு நாள் பிள்ளைக்கு ஓய்வு கொடுங்கள். வீட்டுக்குள் மெல்ல நடமாடலாம். கைப்பேசியைக் குறைக்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் வேண்டாம். மது கூடவே கூடாது. மருத்துவரைக் கேளாமல் வலிமாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிறகு படிப்பு, அதன்பின் நடை, ஓட்டம், தனிப் பயிற்சி என ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு ஏற வேண்டும். தொல்லை மிகுந்தால் ஒரு படி இறங்க வேண்டும். ஆறாத மூளையில் மறுபடி அடிபட்டால், சிறுவர்க்கு அது உயிருக்கே உலையாகலாம். பிடித்து ஆடும் ஆட்டம் மருத்துவர் இசைந்த பிறகே. சிலருக்கு அதற்கு ஒரு மாதமும் ஆகும். அதற்குள் ஒரு கோப்பை கைநழுவிப் போகலாம், போகட்டும்.