வெறுங்காலோடு கிளாஸ்கோ சென்றவர்

சாகாமத்து வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றப்பட்டதும், அரிதாள் குத்தும் அந்நிலத்திலே சிறுவர் பந்துதைக்கத் தொடங்கிவிடுவர். அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனைக் கடற்கரைகளிலும் மாலைதோறும் இதே காட்சிதான். சப்பாத்து அணிந்த காலை அங்கே காண்பது அரிது. பிள்ளையின் வெறுங்காலைக் கண்டு நாணுகின்ற பெற்றோரும் உளர். அத்தகைய வெறுங்கால்கள் இரண்டு 1936 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்து தேசத்தின் முதன்மைக் கழகமொன்றின் பச்சை வெள்ளைச் சட்டையோடு மைதானத்தில் இறங்கின என்பதை நேயர்கள் அறிந்திருப்பார்களோ என்னவோ.

அவர் பெயர் முகம்மது ஸலீம். 1904 இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியிலே பிறந்தவர். அயோத்தியின் அரசிழந்த நவாப் வாஜித் அலி ஷா தம் பரிவாரத்தோடு குடியேறிய இடம் அது. பின்னாளில் தையற்காரரும் துறைமுகத் தொழிலாளரும் நிறைந்த பகுதியாயிற்று. அக்காலக் கல்கத்தா நகரிலே முஸ்லிம்கள் சிறுபான்மையினர். கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கியிருந்த அம்மக்களுக்குத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது. அதனை அளித்தது 1891 இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம்.

1898 இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியின் வெற்றி, ஆண்டுதோறும் ஆங்கிலப் படையணிகளுக்கோ ஐரோப்பியர் கழகங்களுக்கோதான் போய்க்கொண்டிருந்தது. 1934 இல், முதற்பிரிவுக்கு உயர்ந்த அதே ஆண்டில், முகம்மதன் ஸ்போர்ட்டிங் அதனைக் கைப்பற்றிற்று. இந்தியக் கழகமொன்று அவ்வெற்றியைப் பெற்றது அதுவே முதன்முறை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வெற்றி அக்கழகத்தை விட்டு நீங்கவில்லை. அவ்வணியின் வலதுபுற முன்னணியில் ஓடியவர் ஸலீம். ஒரு சமூகத்தின் வெற்றி மற்றொன்றின் மனத்தில் கசப்பாகிவிடும் காலமாகவும் அது இருந்தது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் அதற்கு முன்பு ஸலீம் சித்தரஞ்சன் கழகத்திலும் ஸ்போர்ட்டிங் யூனியனிலும், சிறிது காலம் ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் கழகங்களிலும் ஆடிப் பழகியவர் என்பதும் நினைக்கத்தக்கது.

1936 இல் பெர்லின் ஒலிம்பிக் செல்லும் வழியில் சீன அணி கல்கத்தாவிலே ஆடிற்று. முதலாட்டத்தில் ஸலீமின் திறமையைப் பலரும் வியந்தனர். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணவில்லை! ஸ்கொத்லாந்தில் வாழ்ந்த உறவினர் ஹாஷிம் என்பார் அவரைக் கப்பலேற்றிவிட்டார். ஹாஷிம் அவரை அழைத்துச் சென்றது கிளாஸ்கோ நகரின் செல்ட்டிக் கழகத்துக்கு.

அக்கழகத்தின் பிறப்பு இங்கே கருதத்தக்கது. 1887 இல், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியிலே பசியால் வாடியபோது, அவர்களுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டு வால்பிரிட் என்னும் துறவியார் நிறுவியது அது. அதுவும் ஒரு சிறுபான்மையினரின் கழகமே. பிற மதத்தவரையும் சேர்த்தே அது வளர்ந்தது. ஸலீம் சென்ற ஆண்டில் ஸ்கொத்லாந்தின் லீக் வெற்றியாளரும் அவர்களே.

முகாமையாளர் வில்லி மேலி, 1897 முதல் அப்பதவியில் இருந்தவர். முப்பது வயதைக் கடந்த ஒருவர் சப்பாத்தின்றி ஆட வந்திருக்கிறார் என்றதும் அவர் சிரித்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, ஆடிக்காட்டச் சொன்னார். கண்ட பின்னர் மறுப்பதற்கு ஏதுமில்லை. ஹமில்ற்றன் அணிக்கு எதிராக 5-1, கல்ஸ்ற்றன் அணிக்கு எதிராக 7-1 என்று செல்ட்டிக்கின் துணையணி வென்ற ஆட்டங்களில் ஸலீம் ஆடினார். ஹமில்ற்றனுக்கு எதிராகத் தண்ட உதையொன்றைக் கோலாக்கினார். காலின் விரல்களுக்கிடையே பந்து ஒட்டிக்கொண்டதுபோல் அவர் அதனை உருட்டிச் சென்ற விதத்தைப் பார்த்த பத்திரிகையாளர் அவரை இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்று வருணித்தனர். பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனமி குனிந்திருந்து அவர் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று உண்டு. ஆள்வோர் நாட்டவர் ஒருவர் ஆளப்படுவோர் நாட்டவரின் காலைப் பிடித்துக் கட்டுகின்ற அக்காட்சி, 1936 இல் எளிதிற் காணக்கூடியதன்று.

செல்ட்டிக் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பிற்று. நன்கொடை ஆட்டமொன்று நடத்தி, நுழைவுப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகச் சொன்னதாகவும், அப்பங்கை அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும்படி ஸலீம் கூறியதாகவும் சொல்லப்படுகிறது. எங்ஙனமாயினும் ஊர் நினைவு அவரை இருக்கவிடவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவுக்கே திரும்பி, பழைய கழகத்துக்காக மீண்டும் ஆடினார். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் பெற்றிருக்கக்கூடிய செல்வத்தை எண்ணி வருந்துவோர் வருந்தலாம். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே இந்திய அணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து 1-2 என்று தோற்றபோது உலகம் வியந்தது. பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பே கிளாஸ்கோ அதனைக் கண்டிருந்தது என்பதை அப்போது நினைத்தவர் சிலரே.

முதுமையில் ஸலீம் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் செல்ட்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று; தந்தையின் பெயர் அங்கே யாருக்கேனும் நினைவிருக்கிறதா என்று அறியவே எழுதினார். பதில் வந்தது. அதனுள் நூறு பவுண் பெறுமதியான வங்கிக் காசோலை ஒன்றும் இருந்தது. 1980 நவம்பரில் ஸலீம் காலமானார். அக்காசோலையை மகன் மாற்றவேயில்லை.