யார் பெயரில் சம்பளம்?



இலக்கிய மன்றத்தில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து காபிக்குப் போய்விடுவார்கள் என்று நம் செயலாளர் பயந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை படிப்பை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

2022 ஏப்ரல் 4ஆம் தேதி நம் சித்தூர் மாவட்டத்துக்குப் பாகப்பிரிவினை நடந்தது. திருமலைக் கோயில், ரேணிகுண்டா விமான நிலையம், 1954இல் பிறந்த வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி., சத்தியவேட்டுப் பக்கத்து ஸ்ரீசிட்டி, எல்லாம் திருப்பதி மாவட்டத்தின் பங்கு. சித்தூருக்கு மாந்தோப்பு, கறவை மாடு, கிரானைட், நகரித் தறி, குப்பம். கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பஸ் ஏறுகிறது என்பது விளங்கும்.

இன்னொரு பிரிவினையும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லைத் தகராறுக்குப் படாஸ்கர் சொன்ன பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. திருத்தணி கிடைத்ததே என்று அந்தப் பக்கம் மகிழ்ந்தார்கள். சத்தியவேட்டுக்காக அதிகம் பேர் அழுததாகத் தெரியவில்லை. அந்த வறண்ட பூமியில்தான் 2008இல் ஸ்ரீசிட்டி தொடங்கியது. இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். இசுசு வண்டி, கேட்பரி சாக்லேட், டைக்கின் ஏ.சி., சென்னை மெட்ரோவுக்கு அல்ஸ்டாம் கட்டிக்கொடுத்த ரயில் பெட்டி. 2015இல் ஃபாக்ஸ்கான் அங்கே ஷாவ்மி செல்போன் செய்ய ஆரம்பித்தபோது, லைனில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். மகள் கழுத்தில் அடையாள அட்டை. இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 2025 மே மாதம் அதே ஸ்ரீசிட்டியில் எல்.ஜி. கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 5,000 கோடி ரூபாய். நேரடி வேலை ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் வரை. அதிகபட்சத்தையே எடுத்துக்கொண்டாலும் ஒரு வேலைக்கு இரண்டரைக் கோடி ரூபாய் முதலீடு. வெளியிலிருந்து உதிரிபாகம் செய்து தருபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், கேன்டீன் நடத்துபவர்கள் எல்லாரையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், மறுக்கவில்லை. ஆனாலும் அடிக்கல் விழாவில் கோடியைக் கேட்டவுடன் கைதட்டுகிறோமே, அது ஆளைப் பற்றிய எண்ணிக்கை இல்லை, இயந்திரத்தைப் பற்றியது. இனி வரும் தொழிற்சாலைகளில் ஆள் குறைவாகத்தான் இருப்பார்கள். அந்தக் குறைந்த ஆளிலும், திருகாணி முடுக்குபவரைவிட, முடுக்குகிற இயந்திரம் நின்றுபோனால் அதை ஓடவைப்பவருக்குத்தான் கிராக்கி. ஏ.சி. பழுதுபார்ப்பவர், எலக்ட்ரீஷியன், அச்சு செய்பவர், தரப் பரிசோதகர். பி.காம். படித்துவிட்டு லைனில் நிற்கிற பிள்ளையைவிட, ஒழுங்காக ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்கு அங்கே கை ஓங்கியிருக்கும். பெற்றோர்களுக்கு இது கசக்கும். கல்யாணப் பத்திரிகையில் ஐ.டி.ஐ. என்று போட இன்னும் கூச்சப்படுகிறோம்.

நம் மண்ணின் கம்பெனியையே பாருங்கள். பேட்டமிட்டா கிராமத்துக்காரர் கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1985இல் கரகம்பாடியில் தொடங்கியது அமர ராஜா. ஈய பேட்டரியால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிட்டன, இன்றும் சாப்பிடுகின்றன. ஆனால் காலம் லித்தியத்துக்குத் திரும்பியபோது, 9,500 கோடித் திட்டத்துக்கு 2022 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது தெலங்கானாவோடு. ஏன் என்று ஆளுக்கொரு அரசியல் காரணம் சொல்வார்கள். அது இந்த மேடைக்கு வேண்டாம். பிறந்த ஊரிலேயே வளர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2019இல் ஆந்திர சட்டமன்றம் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டம் போட்டது. அதே மாதிரி ஹரியாணா போட்ட சட்டத்தை 2023இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டத்தை நம்பி மட்டும் பிள்ளையை வளர்க்க முடியாது.

இனி சித்தூருக்கு வருகிறேன். மாங்கூழுக்கு இந்தியாவில் பெரிய மையங்கள் நம் சித்தூரும் அடுத்துள்ள கிருஷ்ணகிரியும். ஜூன் பிறந்தால் ஆலை வாசலில் தோதாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும். உள்ளே பழம் தரம் பிரிக்க, கழுவ, தோல் சீவப் பெண்கள் ராப்பகலாக நிற்பார்கள். ஆகஸ்டு முடிந்தால் வாசலில் காக்காய்தான். மூன்று மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்தச் சொன்னால் எந்தப் பொருளாதார நிபுணர் நடத்துவார்? 2025 சீசனில் அதுவும் தடுமாறியது. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலையில் தேங்கிக் கிடக்க, பழத்தின் விலை விழுந்தது. ஆலை எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய், ஆக கிலோவுக்குப் பன்னிரண்டு என்று நிர்ணயித்துத்தான் சமாளித்தார்கள். விவசாயியின் நஷ்டத்தைப் பத்திரிகைகள் எழுதின. சீவுகிற பெண்ணுக்குக் குறைந்த நாட்களை யாரும் எழுதவில்லை. இத்தனைக்கும் அதே இயந்திரத்தில் கொய்யாவையும் பப்பாளியையும் தக்காளியையும் கூழாக்கலாம். சில ஆலைகள் செய்துகொண்டும் இருக்கின்றன. தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்து ரோட்டில் கொட்டப்படும் காட்சியை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்! புது ஆலைக்கு அடிக்கல் போடுமுன், இருக்கிற ஆலையை எட்டு மாதம் ஓட்ட வழி பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பால் கதையில் அழுகையும் உண்டு, ஆறுதலும் உண்டு. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணையை 2002இல் மூடினார்கள். அதை மீண்டும் எழுப்ப அமுல் வந்து பூஜை போட 2023 ஆனது. இடையில் 2014இல் திருப்பதியில் ஸ்ரீஜா என்று பெண்களே பங்குதாரர்களாக ஒரு பால் உற்பத்தியாளர் நிறுவனம் எழுந்து நின்றது. உறுப்பினர்கள் லட்சத்துக்கு மேல். பால் ஊற்றுகிறவளே முதலாளி, பணம் அவள் வங்கிக் கணக்கில். நல்ல கலப்பினக் கறவை மாடு லட்ச ரூபாய்க்குள் கிடைக்கிறது. எல்.ஜி. வேலையின் இரண்டரைக் கோடியையும் இந்த ஒரு லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது என்பதையும் சேர்த்துத்தான்.

திருமலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே வேலை பார்ப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். தினமும் அறுபது, எழுபதாயிரம் பேர் வந்துபோகிற இடத்தில் வேலைக்குப் பஞ்சமே வராது. அறை கூட்டுவது, மொட்டை அடிப்பது, அன்னதானம் பரிமாறுவது, லட்டுக் கவுண்டரில் நிற்பது. அதில் நிரந்தர ஊழியர் எத்தனை, கான்ட்ராக்டில் எத்தனை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே வேலை, ஒரே சீருடை, இரண்டு சம்பளம்.

அதனால்தான் பிள்ளைகளே, வேலை கிடைத்தது என்று வீட்டுக்கு ஓடி வரும்போது, எவ்வளவு சம்பளம் என்பதோடு நிறுத்தாதீர்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, கம்பெனியா, ஆள் அனுப்பும் ஏஜென்சியா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தால் உங்கள் எண்ணில் கட்டுகிறார்களா? ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன? புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. பயந்துகொண்டே கேட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

கடிதம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியவில்லை என்றால், நம் மன்றத்து வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் ஞாயிறு காலையில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறே ஆரம்பம். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் வாங்கியிருந்தால் அந்த ரசீதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ரசீதே தரவில்லை என்றால் கட்டாயம் வாருங்கள்.