கருப்பையில் இட்ட தையல்



தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, சேலையூரில் வசிப்பவள் நான். மகப்பேறு மருத்துவம் என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பின்னிரவில் முடிச்சூரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். இரண்டாவது பிரசவம், வலி கண்டு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அடிவயிற்றில் பழைய அறுவையின் தழும்பு தெரிந்தது.

"முதல் பிரசவத்துக்குப் பின் கொடுத்த சீட்டு எங்கே?" என்று கேட்டேன்.

"2015ஆம் வருஷத்து வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது, டாக்டரம்மா" என்றார் அவளுடைய தாயார்.

அந்தச் சீட்டை நான் ஏன் கேட்டேன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஸிஸேரியன் அறுவையில் குழந்தையை எடுத்தபின் கருப்பையைத் தைத்து மூடுவது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம், பெரும்பாலான மருத்துவர்கள் அதைத் தைக்கவே இல்லை. கருப்பை தானே சுருங்கி வாய் மூடிக்கொள்ளும் என நம்பினார்கள்; உள்ளே இட்ட தையலைப் பிறகு பிரித்தெடுக்க வழியில்லையே என்றும் அஞ்சினார்கள். விளைவு, இரத்தப் பெருக்காலும் சீழ் பிடித்தும் தாய்மார் மாண்டனர். 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்பவர் கருப்பையையே அகற்றித் தாயைப் பிழைக்க வைத்தார். உயிர் தப்பியது, மீண்டும் தாயாகும் பேறு போயிற்று.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் ஜெர்மானியரான மாக்ஸ் ஸேங்கர். கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கவனமாகத் தைக்க வேண்டும் என்று 1882இல் அவர் எழுதினார். நம் சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரி எழும்பூரில் தன் இன்றைய இடத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த கேள்வி, எங்கே வெட்டுவது என்பது. கருப்பையின் மேற்பகுதி தடித்த தசை. பிரசவ வலியில் வலுவாகச் சுருங்குவது அதுவே. அங்கே தழும்பு இருந்தால் அடுத்த பிரசவத்தில் பிளந்துவிடும் அபாயம் மிகுதி. கீழ்ப்பகுதி மெல்லியது, அமைதியானது, நன்றாக ஆறும். அங்கே குறுக்காக வெட்டும் முறையை 1920களில் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர் வலியுறுத்தினார். இன்று பெரும்பாலும் அம்முறையே வழக்கம். அத்தகைய தழும்போடு இயல்பான பிரசவத்துக்கு முயல்வோரில் சுமார் 200 பேரில் ஒருவருக்கே தழும்பு விட்டுப்போகிறது.

ஒரு வரிசை தைப்பதா, இரண்டு வரிசையா? குடலிலிருந்து திரித்த கேட்கட் நூலா, புதிய செயற்கை இழையா? இதைத் தீர்க்க, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,935 பெண்களிடம் கொரோனிஸ் என்னும் பெரிய ஆய்வு நடந்தது. 2013இல் முடிவு வெளியாயிற்று. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. ஆகவே வரிசைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டா. வெட்டு எங்கே, எப்படிச் சென்றது என்பதே அடுத்த மருத்துவர் அறிய வேண்டியது.

இதைத் தோலின் தழும்பு சொல்லாது. வெளியே குறுக்காக இருக்கும். உள்ளே நெடுக்காக இருக்கலாம். சொல்வது அந்தச் சீட்டு ஒன்றே.

அன்றிரவு அவளுக்கு, வலிக்கும் வலிக்கும் இடையிலும் தழும்பின்மேல் நோவு நிற்கவில்லை. காத்திருக்கத் துணியாமல் அறுவை செய்தேன். கருப்பையின் பழைய தழும்பு வெங்காயச் சருகுபோல் மெலிந்திருந்தது. உள்ளே குழந்தையின் தலைமயிர் நிழலாகத் தெரிந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, சொல்ல இயலாது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவையால் நிகழ்ந்தவை. அப்படியானால் நம் தெருவில் எத்தனை வீடுகளில் இத்தகைய தழும்பு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, தாய்மார்களே, மருத்துவமனையை விட்டு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கருப்பையில் வெட்டு கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தானே? வேறு பக்கம் கிழிந்ததா?" விடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நகைப் பெட்டியில் ஒரு பிரதி வையுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். வெள்ளம் மறுபடியும் வரக்கூடிய ஊர் நம்முடையது.