பிள்ளை பெயருக்கு வரும் தபால்

பள்ளிக்கூடம் எட்டாத பிள்ளைக்குப் பாடத்தைத் தபாலில் அனுப்பும் முறை ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 1914இல் தொடங்கியது. 1916இல் நியூ சவுத் வேல்ஸும் அதைக் கைக்கொண்டது. ஆட்டுப் பண்ணைகளுக்குப் பாடக்கட்டு போயிற்று, விடைத்தாள் திரும்பி வந்தது. பாடம் கிடைத்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க இன்னொரு பிள்ளை கிடைக்கவில்லை. அந்தக் குறைக்கு மருந்து பத்திரிகை. சிட்னியின் பிளாக்ஃபிரையர்ஸ் அஞ்சல்வழிப் பள்ளி 'அவுட்போஸ்ட்' என்றொரு இதழை நடத்தியது.

தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வி கல்லூரிப் படிப்பாகவே வேரூன்றியது. மதுரைப் பல்கலைக்கழகம் அதை 1971இல் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளைச் சிறுவர் இதழ்கள்தாம் பார்த்துக்கொண்டன. அதில் செட்டிநாட்டின் பங்கு பெரிது. செட்டிநாட்டு ஊரான நாட்டரசன்கோட்டையின் பெரியவர்களுக்குத் தபாலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை வீட்டோடு பேசியது கடுதாசியில்தான்.

அதே செட்டிநாட்டின் ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 'பாலர் மலர்', 'பூஞ்சோலை' போன்ற சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். 1972இல் தோன்றிய 'கோகுலம்' இதழுக்கு, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசிரியரானார். பெரியவர்கள் அவர் குழந்தைகளுக்கு எழுதிய பாட்டைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். இதழ் செய்த வேலை அதற்குக் குறைந்ததல்ல. விடுகதை இந்த மாதம், விடை அடுத்த மாதம். காத்திருக்கும் நாளில் பிள்ளை பழைய இதழையே நாலு தடவை படித்துவிடும். கார்டில் விடை எழுதிப் போட்டால், ஊர்ப் பெயரோடு தன் பெயரும் அச்சில் வரக்கூடும். பாட்டுப் பிடிக்காத பிள்ளை எங்காவது இருக்கலாம். தன் பெயரை அச்சில் பார்க்கப் பிடிக்காத பிள்ளை இல்லவே இல்லை.

'கோகுலம்' 2019இல் நின்றுபோயிற்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிர்' அறிவியலைப் பிள்ளைகளின் தமிழில் சொல்லிவந்திருக்கிறது. பள்ளிக் கல்வித்துறை 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற இதழ்களைத் தொடங்கி அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பியது. கம்பன் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையின் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அவை உரியவை.

கடல் கடந்த வீடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவகையில் அந்த ஆஸ்திரேலியப் பண்ணைப் பிள்ளைதான். பள்ளி பக்கத்தில் இருக்கிறது, தமிழ் பேசும் தோழன் இல்லை. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைப் பாடத்தை அந்த வீடுகளுக்கே கொண்டுவருகிறது. ஆனால் பாடம் கேட்கும் பிள்ளைக்குத் தானாக எழுதிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக இருக்க வேண்டியது அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர். இப்போதோ அதில் பிள்ளை பெயரில் வரும் கட்டுரையை அப்பா எழுதுகிறார், அம்மா பிழை திருத்துகிறார், பிள்ளை புகைப்படத்துக்கு மட்டும் நிற்கிறது. அடுத்த மலரில் பிள்ளை தானே எழுதிய நாலு வரி, பிழையோடு இருந்தாலும், அப்படியே அச்சாகட்டும். அப்பாவின் கட்டுரை ஒரு வருஷம் காத்திருக்கலாம்.