சும்மா இருக்கும் பிள்ளை
(விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பொழுதே போகலம்மா" என்று பிள்ளை வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியை எடுத்துக் கொடுக்கிறோம். சிப்காட்டை நம்பிப் பிழைக்கும் நம் வீடுகளில் அதற்கு ஒரு காரணமும் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வந்த தகப்பன் பகலில் உறங்க வேண்டும். இருப்பதோ ஓர் அறை. பிள்ளை ஓடினாலும் பாடினாலும் அவர் தூக்கம் கெடும். கைப்பேசியைக் கொடுத்தால் வீடு அடங்கிவிடும். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், அந்த அமைதிக்காக நாம் எதை இழக்கிறோம் என்று இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. அந்நாளில் ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரமே. பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடும்; முடிந்ததும் பிள்ளைகள், தாங்கள் பார்த்ததைத் தெருவில் நடித்துக் காட்டுவார்கள். 1993-ல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. 2006 முதல் அரசே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கிற்று. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடமே கைப்பேசிக்குள் போயிற்று. பள்ளிகள் திறந்துவிட்டன, கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை. பழைய பெட்டி இரவில் ஓய்ந்தது. இதற்கோ ஓய்வே கிடையாது.

இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரலாகாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. நம் வீட்டுக் கணக்கை நாமே பார்த்துக்கொள்வோம்.

நம் முன்னோர் பிள்ளை விளையாட்டை வீண் என்று தள்ளவில்லை. பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று பருவங்களையே அதற்கு ஒதுக்கினார்கள். மணலைக் குவித்து வீடு என்பதும், நுங்கு தின்ற கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி என்பதும் சும்மா இருந்த பிள்ளைக்குத் தோன்றியவை. கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் மனம் ஒன்றைத் தேடிப் போகிறது.

இது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் வேண்டிய குணமன்று. 2004-ல் நம் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்மக்கள், சாதாரண பிளாஸ்டிக் வாளியையே காற்று மாதிரி பிடிக்கும் கருவியாக்கி, தாங்கள் சுவாசிப்பது என்ன என்று சோதனைக்கு அனுப்பினார்கள். இருக்கும் பொருளில் இல்லாத ஒன்றைக் காணும் கண் அது. அந்தக் கண் நாளை நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "உப்பனாற்றில் இறங்கி விளையாடு" என்று பிள்ளையிடம் சொல்ல இன்று நமக்குத் துணிவில்லை. குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் காற்று நாறுகிற நாளில் "வெளியே போ" என்றும் சொல்ல முடிவதில்லை. விளையாடும் இடத்தைக் கொடுக்காமல் கைப்பேசியை மட்டும் பிடுங்கினால் அது நியாயமாகாது. ஆகவே நல்ல காற்றும் தண்ணீரும் கேட்பது பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியே.

நம் கையில் உள்ளதை முதலில் செய்வோம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மைதானம் மதியம்வரை பிள்ளைகளுக்கே இருக்கட்டும். பாட்டிமார் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் கற்றுக்கொடுக்கட்டும். இவ்வாண்டு கிறிஸ்துமஸ் குடிலைக் கடையில் வாங்காமல் களிமண், வைக்கோல், அட்டை கொண்டு பிள்ளைகளே செய்யட்டும். ஒட்டகம் ஆட்டைப்போல் இருந்தாலும் பாதகமில்லை. வீட்டில் சாப்பாட்டு வேளையில் முதலில் நம் கைப்பேசியை நாம் கீழே வைப்போம்.

முதல் அரை மணி நேரம் பிள்ளை சிணுங்கும். பொறுத்துக்கொள்வோம். பிறகு ஒரு தீப்பெட்டி ரயிலாகும், ஒரு முறம் தேராகும். தகப்பன் உறங்கும் வேளையில் ஒரு தாளும் பென்சிலும் போதும். அதில் சத்தமும் இல்லை.

சந்தை வெளியில் குழலூதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடிய சிறுவர்களை நம் ஆண்டவரே தம் போதனையில் எடுத்துச் சொன்னார். அவர் கண்ணில் பட்ட விளையாட்டு நம் தெருவிலும் மறுபடி கேட்கட்டும்.